சூட்டுப் பேனாவால் ஜிம்மரிட்: ஒரு டைகர் டாங்கி மாடலின் நிகழ்வு ஆய்வு

மரப்பலகையில் பெயரும் பூவும் எரித்து வரையப் பயன்படும் மலிவான சூட்டுப் பேனா, பிளாஸ்டிக் மாடலில் என்ன செய்யும், எதைச் செய்யாது? ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு இதை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று தொடங்கிய வேலை இது. மாடல் 1/35 அளவில், இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மனியின் டைகர் 1 டாங்கி. 1944-ல் ஆலையை விட்டு வந்த பிற்கால வகை. அந்த டாங்கியின் மேல் ஜிம்மரிட் என்ற சாந்தைப் பூசி, அது காயுமுன் வரிவரியாகக் கீறிவிட்டிருப்பார்கள். மாடலில் அந்த வரிகளைக் கொண்டுவரப் புட்டியோ (பூசி நிரப்பும் களிம்பு) ஒட்டுத்தாளோ சேர்க்காமல், கிட்டில் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியில்) வரும் பிளாஸ்டிக்கையே இளக்கிச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். தட்டையான தகடுகளில் மிக நன்றாகவே முடியும். சில இடங்களில் முடியாது, அந்த இடங்கள் எவை என்பதும் தெளிவாகவே தெரிந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சூட்டுப் பேனா பிளாஸ்டிக்கை வெட்டி எடுப்பதில்லை, ஒதுக்குகிறது. ஏர் ஓட்டும்போது மண் எங்கும் காணாமல் போவதில்லை. சாலிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் மேடாக நிற்கிறது. இளகிய பிளாஸ்டிக்கும் அப்படித்தான். முனை பதிந்த இடத்தில் சால், அதன் ஓரத்தில் வரப்பு. இந்த ஆய்வு முழுவதும் இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறேன்.

நிஜ ஜிம்மரிட்டும் இதே வழியில் உருவானதுதான். அதனால்தான் இந்தக் கருவி இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்துகிறது.

நிஜத்தில் இருந்தது என்ன

காந்தத்தால் டாங்கியில் ஒட்டிக்கொள்ளும் வெடிகுண்டை ஜெர்மானியர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள். எதிரியும் அதைச் செய்துவிடுவான் என்ற பயத்தில் வந்தது ஜிம்மரிட். இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கினால் பிடிப்பு குறையும். வரிவரியாகக் கீறினால் குறைந்த சாந்திலேயே கூடுதல் இடைவெளி கிடைக்கும். பெர்லினைச் சேர்ந்த ஜிம்மர் நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் அந்தப் பெயர். கலவையில் பேரியம் சல்பேட் 40 சதவீதம், பாலிவினைல் அசிடேட் 25, காவி நிறமி 15, துத்தநாக சல்பைடு 10, மரத்தூள் 10. 1943-ன் பிற்பகுதியிலிருந்து ஆலையிலேயே பூசினார்கள். 1944 செப்டம்பரில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. குண்டு பட்டால் இந்தச் சாந்து தீப்பிடிக்கிறது என்ற பேச்சும், பூசிக் காயவைக்க ஆகும் நேரமும் அதற்குப் பின்னால் இருந்தன. எந்தக் காந்தக் குண்டுக்காக இத்தனை பாடுபட்டார்களோ, அதை நேசநாட்டுப் படைகள் பெரிய அளவில் பயன்படுத்தவே இல்லை.

மாடல் செய்பவருக்கு முக்கியமானது பூசிய விதம். கரணையால் ஒரு பூச்சு, அது இறுகியபின் மெல்லிய இரண்டாவது பூச்சு. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பல்வைத்த கருவியால் கீறல். கீறும்போது சாந்து ஒதுங்கி வரப்பாக எழும். கையால் செய்த வேலை என்பதால் வரிசைகள் முழு நேராக இருக்காது. ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்கும் இடத்தில் சின்னத் தடம் விழும். விளிம்புகளில் அவசரம் தெரியும். டைகர் 1 முழுவதும் காசெல் நகரின் ஹென்ஷெல் ஆலையில்தான் ஒருங்கிணைக்கப்பட்டது. அதனால் அதன் ஜிம்மரிட்டுக்கு ஓர் அடையாள முகம் உண்டு. கிடைமட்டமான சிறு வரப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்குத்துப் பத்திகள். பல ஆலைகளில் தயாரான பாந்தர் டாங்கியில் ஆலைக்கொரு வடிவம் பார்க்கலாம். முதல் முயற்சிக்கு டைகரைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

ஆதாரப் படம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட டைகர், பிரிட்டனில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் 131 எண் வண்டி. அது 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது, அதாவது ஜிம்மரிட் வருவதற்கு முன்பே. அளவுகளுக்கு அதைப் பார்க்கலாம். பரப்புக்குப் போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களே துணை. அதிலும் பக்கவாட்டில் வெயில் விழுந்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் வரப்பு தெரியாது.

கருவியும் சூடும்

கடைகளில் கிடைக்கும் எளிய சூட்டுப் பேனா ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் மாதிரிதான். உள்ளே சூடேறும் கம்பிச்சுருள், முன்னால் திருகி மாட்டும் பித்தளை முனை, பெரும்பாலும் 30 வாட் அளவு. மரத்தைக் கருக்க வேண்டும் என்பதற்காக அதன் முனை 400 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். மாடல் கிட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே விறைப்பு தளரத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் 300 டிகிரி வித்தியாசம். பெட்டியிலிருந்து எடுத்தபடி பேனாவை மாடலில் வைத்தால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். முனை தொட்டதும் பிளாஸ்டிக் குழம்பாகிறது, எடுக்கும்போது நூல் நூலாக இழுக்கிறது, புகை வருகிறது. இந்த வழிமுறையைப் பலர் முயன்று கைவிடக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். சூட்டைக் குறைக்க வழிசெய்தால் அதே பேனா முற்றிலும் வேறு கருவியாகிவிடுகிறது.

விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் ஒன்றைப் பேனாவுக்கும் மின்சாரத்துக்கும் இடையில் வைத்தேன். உள்ளே வெறும் கம்பிச்சுருள் மட்டும் உள்ள பேனாவுக்கு மட்டுமே இது பொருந்தும். எண்கள் காட்டும் திரையோ, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையோ உள்ள பேனாவை டிம்மரில் மாட்டக்கூடாது. அதற்குத் தேவையும் இல்லை. சுவிட்ச்பெட்டியைத் திறந்து ஒயர் இணைக்கும் வேலை தெரியாதவர்கள், பிளக்கில் நேராக மாட்டும்படி வரும் டிம்மரை வாங்குவதே நல்லது. டிம்மர் குமிழைச் சிறிது திருப்பினாலும் வித்தியாசம் பெரிதாக இருக்கும். வோல்டேஜ் பாதியானால் வெப்பம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது. ஆனால் முனை கனமான பித்தளை என்பதால் புதிய சூட்டுக்கு வந்து நிலைக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். குமிழைத் திருப்பிய கையோடு முனையைச் சோதித்தால் கிடைக்கும் முடிவை நம்ப வேண்டாம்.

வெப்பமானி இல்லாமல் சரியான சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு உதவியது ஒரு துண்டு வெள்ளைக் காகிதமும், பாகங்களைத் தாங்கி வரும் ஸ்ப்ரூ சட்டமும். முனையைக் காகிதத்தில் சில நொடி வைத்தால் காகிதம் பழுப்பாகக் கூடாது. அதே முனையை ஸ்ப்ரூவில் மெல்ல அழுத்தினால் உடனே பதிய வேண்டும். எடுக்கும்போது நூல் இழுக்கக் கூடாது. சால் பளபளவென்று, ஓரம் உருண்டு இருந்தால் சரி. ஓரம் பிய்ந்து, ரோமம் ரோமமாக நின்றால் சூடு போதவில்லை. சாலில் குமிழ் இருந்தால், அல்லது மணம் மூக்கில் ஏறினால், சூடு கூடிவிட்டது. கடைசி வரை இந்த ஸ்ப்ரூவைப் பக்கத்திலேயே வைத்திருந்து, ஒவ்வொரு பத்தி தொடங்குமுன்னும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது பலன் தந்தது. அறையில் மின்விசிறி ஓடினாலே முனையின் சூடு மாறும்.

முனை விஷயத்தில் தயங்காமல் அரத்தை எடுங்கள். பேனாவோடு வரும் முனைகளில் எதுவும் 1/35-க்கு ஏற்றதாக இல்லை. தட்டை உளி வடிவ முனையை எடுத்து, அதன் அகலம் 3 மில்லிமீட்டர் வரும்படி ராவி, கூர்விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினேன். 3 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் சுமார் 10 சென்டிமீட்டர். படங்களில் தெரியும் பத்தி அகலத்துக்குக் கண்ணுக்குப் பொருந்துகிறது. விளிம்பு கூராக இருந்தால் சால் கத்தி வெட்டு மாதிரி ஒடுங்கி, வரப்பே எழாது. ஒதுக்குவதற்கு மழுங்கிய விளிம்புதான் வேண்டும். பித்தளை மென்மையான உலோகம் என்பதால் ராவுவது சிரமமே இல்லை. உதிரி முனை ஒன்று கையில் இருந்தால் தைரியமாகச் செய்யலாம்.

தகட்டில் வேலை

பக்கத் தகடுகளை உடற்கூட்டில் ஒட்டிய பிறகுதான் வரி போட்டேன். தனித் தகட்டில் போடுவது கைக்கு வசதிதான், ஆனால் தகடு வளைந்துவிடும். சூடுபட்ட பக்கம் ஆறும்போது சுருங்கும். சூடுபடாத பக்கம் அப்படியே இருக்கும். விளைவாகத் தகடு வரி போட்ட பக்கமாகக் குழிந்து வளையும். இரும்பைப் பற்றவைப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. போதாக்குறைக்கு, அச்சில் வார்க்கும்போதே பிளாஸ்டிக்கில் இறுகிப்போன உள் இழுவிசைகளும் சூடு பட்டதும் அவிழும். எனவே தகட்டை முதலில் கூட்டில் ஒட்டி, உட்புறம் தடித்த ஸ்டைரீன் பட்டைகளைக் குறுக்காக முட்டுக்கொடுத்தேன்.

ஒட்டிய உடனே சூடு காட்டக் கூடாது, சில நாட்கள் விட வேண்டும். பிளாஸ்டிக் பசை ஒரு கரைப்பான். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் மூட்டுக்குள் ஈரம் இருக்கும். சூடான முனை பட்டதும் அது கொதித்து, மூட்டோரம் முழுக்கக் கொப்புளமாகிவிடும். அப்புறம், பசைக் குப்பியின் ஆவி தீப்பற்றக்கூடியது. பேனா மேசையில் இருக்கும்போது குப்பி வேறு அறையில் இருக்கட்டும்.

இழுவைக் கம்பி, அதன் தாங்கிகள், கருவி மாட்டும் கொக்கிகள் எதையும் இன்னும் ஒட்டவில்லை. அவை வரும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அந்தச் சிறு பரப்புகளை வரி படாமல் விட்டேன். நிஜத்திலும் சாந்து அந்தப் பாகங்களைச் சுற்றி நின்றுவிடும். பத்திகளுக்கும் பென்சில் கோடுதான். ரப்பர் ஸ்கேல் வைத்துக் கிடைக்கோடுகள் போட்டு அளந்து இறங்கலாமா என்று தோன்றும். வேண்டாம். செங்குத்துக் கோடு மட்டும் போதும். கிடை இடைவெளியைக் கண்ணுக்கே விடுங்கள். அரை மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளியைக் கை தானே கண்டுபிடித்துவிடுகிறது. அதில் வரும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் பரப்புக்கு உயிர் தருகிறது.

முனையை இழுக்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். இந்த வேலையின் மொத்த நுணுக்கமும் இதில்தான் இருக்கிறது. முனையை இழுத்துக்கொண்டு போனால் பிளாஸ்டிக் முனைக்கு முன்னால் குவிந்து, பத்தியின் கடைசியில் ஒரு கட்டியாக நிற்கும். அழுத்தினால் மேலும் கீழும் சமமாக ஒதுங்கும். தகட்டின் மேல்விளிம்பில் தொடங்கி, ஒரு சால், அதற்குக் கீழே அடுத்த சால் என்று இறங்குங்கள். ஒவ்வொரு சாலும் தனக்கு மேலே உள்ள வரப்பைச் சற்று மேல்நோக்கித் தள்ளும். அதனால் எல்லா வரப்பும் ஒரே பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்கும். சாந்தில் கருவியை வைத்து அழுத்தி நகர்த்தும்போதும் இப்படி ஒரு சாய்வு வருவது இயல்பு. அச்சில் வார்த்த வரிகளில் இந்தச் சாய்வு கிடைக்காது, ஏனென்றால் அச்சிலிருந்து பாகம் கழன்று வர வேண்டும்; சாய்ந்த வரப்பு அதில் மாட்டிக்கொள்ளும். என் கண்ணுக்கு, இந்த வழிமுறையின் மிகப்பெரிய வெற்றி இந்தச் சாய்வுதான்.

ஆழம் எவ்வளவு? நிஜப் பூச்சு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1/35-ல் 0.14 மில்லிமீட்டர்தான் வருகிறது. முனையை ஒரு நொடிக்கு மேல் வைத்தால் அதைத் தாண்டிவிடும். எடையைக் கையால் தராமல், பேனாவின் எடையே பதியட்டும் என்று விடுவது நல்ல வழி. ஒரு பத்தி முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல் தகட்டின் மறுகோடிக்குப் போய் அங்கே ஒரு பத்தி, பிறகு நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஓரிடத்தில் சூடு சேராது. முட்டும் கொடுத்து, இப்படி இடம் மாற்றியும் செய்த பக்கத் தகடு நேராகவே நின்றது.

முனையில் சேரும் பிளாஸ்டிக் அழுக்கைப் பருத்தித் துணியில் அடிக்கடி துடைக்க வேண்டும். விட்டால் கருகி, சாலில் கறுப்புத் துகளாகப் படியும்.

வரி போட்டு முடிந்த தகட்டை முதலில் பார்க்கும்போது கொஞ்சம் கரடுமுரடாக, வரப்பு நுனிகளில் மெல்லிய பிசிறோடு இருக்கும். நீர்த்த பிளாஸ்டிக் பசையைத் தூரிகையில் எடுத்து ஒரே ஒருமுறை மேலாகத் தடவினால் பிசிறு கரைந்து உட்கார்ந்துவிடும். இரண்டாம் முறை தடவினால் வரப்பும் கரையத் தொடங்கும். நன்றாகக் காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் வரப்பு முகட்டை லேசாகத் தேய்த்தால் உயரம் ஒரு மட்டத்துக்கு வரும்.

ஒத்துவராத இடங்கள்

டரெட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூண்டின்) வளைந்த பக்கச்சுவர் சிரமம் தந்தாலும் வசப்பட்டது. தட்டை முனையின் நடுப்பகுதி மட்டுமே வளைவில் படுவதால், 3 மில்லிமீட்டர் முனைக்குப் பதில் அதில் பாதி அகல முனை ஒன்றை ராவிக்கொள்ள வேண்டியிருந்தது. டரெட்டின் முன்புறம் பீரங்கியின் அடியைச் சுற்றி இருக்கும் வார்ப்புக் கவசம் வேறு கதை. அதில் பார்வைத் துளைகள், படிகள், விளிம்புகள் என்று நெருக்கமாக நுணுக்கங்கள். அங்கே பிளாஸ்டிக்கை ஒதுக்கினால் ஒதுங்கியது பக்கத்து நுணுக்கத்தின் மேல் போய் விழுகிறது. துளையின் வட்டம் கெடுகிறது. அந்த ஒரு பாகத்துக்கு எபாக்சி புட்டியை மெல்லப் பரப்பி, சூடு இல்லாமல் அதே பித்தளை முனையாலேயே அழுத்தி வரி போட்டேன். பெயின்ட் அடித்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது வரம்பு இன்னும் அடிப்படையானது. நிஜ ஜிம்மரிட் தகட்டின் மேல் சேர்க்கப்பட்ட ஒரு படலம். சூட்டுப் பேனா எதையும் சேர்ப்பதில்லை, இருக்கும் தகட்டைத்தான் குடைகிறது. தகட்டின் நடுவில் இது தெரியாது. விளிம்பில் தெரியும். சாந்து நின்று, வெறும் இரும்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி இருக்க வேண்டும். சூட்டு வழியில் அந்தப் படி தலைகீழாக வந்துவிடுகிறது. சாந்து பெயர்ந்த இடங்களுக்கும் இதே சிக்கல். அங்கே சால் வரப்பு இரண்டையும் சிறு உளியால் சீவி, சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வாகச் சமமாக்கினால்தான் இரும்பு வெளியே தெரிவதுபோல் வரும். பெயர்ந்த இடங்களை எங்கே வைப்பது என்பதை வரி போடுமுன்பே முடிவு செய்துகொண்டால் அங்கே வரி போடும் உழைப்பு மிச்சம். மூலைகள், படையினர் ஏறி இறங்கும் இடங்கள், உரசல் படும் முன் விளிம்புகள் இயல்பாக இருக்கும். நிறையப் பெயர்க்கத் தூண்டும். குறைவாகச் செய்தால் அழகு.

மாற்று வழிகளையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனம் ஜிம்மரிட்டுக்கென்றே பல்வைத்த தகடுகளும் ஒட்டுத்தாள்களும் விற்கிறது. புட்டியும் பல்தகடும் சேர்ந்தால் விளிம்புத் தடிமன் நிஜம்போலக் கிடைக்கும். ஆனால் புட்டி இறுகுமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரம் உண்டு. சூட்டுப் பேனாவில் அவசரமே இல்லை. பாதிப் பத்தியில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடரலாம். ஒட்டுத்தாள் வேகமானது, ஒழுங்கானது. அந்த ஒழுங்குதான் அதன் குறையும். கையால் செய்த பரப்பைக் கையால்தான் கொண்டுவர முடியும் என்பது என் கருத்து.

இந்தக் கருவிக்கு நீண்ட மரபும் உண்டு. பிரான்சின் ஹிஸ்டோரெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 54 மில்லிமீட்டர் நெப்போலியன் கால பிளாஸ்டிக் வீரர்களுக்குக் குதிரைப் பிடரியும், மென்மயிர்த் தொப்பியும், துணி மடிப்பும் வரையச் சூட்டு ஊசியைப் பயன்படுத்தியே ஒரு தலைமுறை தேர்ச்சி பெற்றது. டாங்கிகளிலும் ஜிம்மரிட்டோடு வேலை முடிவதில்லை. பற்றவைப்புத் தையல், குண்டு பட்ட வடு, நசுங்கிய சேற்றுத்தகடு எல்லாமே இதே பேனாவுக்கு எளிது.

புகை

பாலிஸ்டைரீன் அதிகம் சூடேறினால் ஸ்டைரீன் ஆவி வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவிலிருந்து ஒரு படி மேலே ஏற்றி, அதற்கான வாய்ப்பு அதிகம் உள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. சூட்டைக் குறைத்து வைப்பது பரப்புக்கு மட்டுமல்ல, நுரையீரலுக்கும் தேவை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று முகத்திலிருந்து விலகி வெளியே போக வேண்டும். துணி முகக்கவசமும் தூசிக் கவசமும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள கவசம்தான் தடுக்கும். மணம் வந்தால் நிறுத்திச் சூட்டைக் குறையுங்கள்.

ரெசின் பாகங்களில் சூட்டுப் பேனா வேண்டவே வேண்டாம். பாலியுரேத்தேன் ரெசின் இப்படி உருகி ஒதுங்காது, கருகும். அதன் புகை இன்னும் மோசமானது. வினைல் சங்கிலிப் பட்டைகளுக்கும் இதே தடை. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கிட்டில் சில பாகங்களில் ஏபிஎஸ் (ABS, வேறு வகைப் பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

பெயின்ட்

ப்ரைமர் மெல்லியதாக இருக்க வேண்டும். 0.14 மில்லிமீட்டர் ஆழமே உள்ள சால்களை ஒரு தடித்த ப்ரைமர் பூச்சு பாதி நிரப்பிவிடும். மேலே 1943 முதல் பயன்பட்ட ஜெர்மன் அடர்மஞ்சள், அதன்மேல் பச்சை, பழுப்புத் திட்டுகள். நீர்த்த அடர்பழுப்பை ஓடவிட்டதும் சால்களில் தங்கி, வரப்புகளின் சாய்வை எடுத்துக் காட்டியது. வரப்பு முகட்டில் வெளிர் நிறத்தை உலர்தூரிகையால் தேய்ப்பதை நான் குறைத்தே செய்தேன். அதிகமானால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகக் கத்தத் தொடங்கி, தகடு என்ற ஒருமை போய்விடும்.

சாந்து பெயர்ந்த இடங்களுக்கு மூன்று நிறம் தேவை. காவி நிறமி கலந்ததால் ஜிம்மரிட் உள்ளேயும் மஞ்சள் காவிதான். எனவே உடைந்த ஓரத்துக்கு மெல்லிய காவிக் கோடு. நடுவில் செந்நிற ப்ரைமர். அதிலும் உரசிப் போன புள்ளிகளில் மட்டும் இரும்புச் சாம்பல். காவிக் கோட்டைப் பலர் விட்டுவிட்டு நேராகச் சாம்பலுக்குப் போகிறார்கள். அந்தக் கோடு இருந்தால்தான் மேலே இருந்தது பெயின்ட் இல்லை, கெட்டியான ஒரு படலம் என்று பார்ப்பவர் கண்ணுக்குப் புரியும். சூட்டு வழியில் கிடைக்காத அந்த விளிம்புத் தடிமனையும் இந்தக் கோடு ஓரளவு ஈடுகட்டுகிறது.

அடுத்து ஸ்டூக் 3 (StuG III) என்ற ஜெர்மன் கவச பீரங்கி வண்டிகளில் காணப்படும் வாஃபிள் போன்ற சதுரக் கட்ட முறையை இதே பேனாவில் பார்க்க எண்ணம். அதற்குத் தட்டை முனை உதவாது. சிறு சதுரமாக ராவிய முனை வேண்டும், நான்கு பக்கமும் ஒதுங்கும் பிளாஸ்டிக்குக்கு இடம் விட்டு அழுத்த வேண்டும். ஸ்ப்ரூவில் போட்டுப் பார்த்த கட்டங்கள் நம்பிக்கை தருகின்றன.